ஊற்ற மாட்டேன் என்று நீ சொன்ன நாள்

அன்புள்ள புவனா,

நேரில் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன் என்று கோபப்படாதே. நேரில் பேசினால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ குறுக்கே நான்கு வார்த்தை பேசுவாய். நான் குரலை உயர்த்துவேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து, "அப்பனும் மகளும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கையில் கரண்டியோடு வருவாள். சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். எழுத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. இந்த வீட்டில் ஒரு பேச்சை முழுதாகப் பேசி முடிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நாளை மறுநாள் உனக்குக் கல்யாணம். வீடு கொள்ளாமல் ஆட்கள். கோலக்கங்சாரிலிருந்து உன் அத்தை வந்து இறங்கியதிலிருந்து உனக்குப் புத்தி சொல்வதுதான் எல்லோருக்கும் வேலையாக இருக்கிறது. "அங்க போயி வாயத் தொறக்காத." "ஸ்பேனரக் கையில எடுக்காத." "மாமியாரு மனசு கோணாம நடந்துக்க." நீயும் அதிசயமாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறாய். கையில் மருதாணி வைத்தால் பெண்களுக்கு வாய் மூடிக்கொள்ளுமோ என்னவோ, சும்மா இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் நேற்று நீ என்னிடம் வந்து, "அப்பா, டூல் பெட்டி இங்கயே இருக்கட்டும். அங்க எதுக்குலா, வீணா ஒரு பேச்சு வரும்" என்று சொன்னாய். நீ இப்படிச் சொல்வதற்கு நானும் ஒரு காரணம் என்பதால்தான் இன்று தேயிலைத் தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டு, பின்கட்டில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதை நீ மட்டும்தான் படிக்க வேண்டும் என்றில்லை. உன் அம்மா படிக்கட்டும், மாப்பிள்ளை படிக்கட்டும், அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டினாலும் எனக்குச் சம்மதம். உன்னைப் பெண் பார்க்க வந்த நாளில் நடந்தது இந்தத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்றால், கண் காது மூக்கு வைத்துத் தெரியும். நீ மாப்பிள்ளையின் ஸ்கூட்டரை உடைத்துவிட்டாய் என்கிறார்கள். நீ வேண்டுமென்றே எண்ணெயைக் கொட்டி அவரைப் போகவிடாமல் மடக்கிவிட்டாய் என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி வீட்டில் ஒரு கதை ஓடுகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி ஒரு முறை நான் எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் காந்தத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கொழுந்து பறிக்கிற காட்டைப் பார்த்துப் படம் எடுக்கிறவர்களுக்குத் தொழிற்சாலைக்குள் காந்தம் இருப்பது தெரியாது. வாட்டிய இலையை நசுக்கி அறுக்கிற உருளைகள் எஃகு. ஓட ஓட அவையும் தேயும். தேய்ந்த இரும்புப் பொடி தூளோடு கலந்துவிடும். அதைப் பிடிக்கத்தான் சலிக்கும் இடத்தில், தூள் ஓடும் பட்டைக்கு மேலே காந்தக் கட்டைகளைத் தொங்கவிட்டிருக்கிறோம். வேலை முடியும் நேரத்தில் அந்தக் கட்டைகளைத் துணியால் துடைத்து, ஒட்டியிருப்பதை வெள்ளைக் காகிதத்தில் கொட்டி மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும். பொடி நைசாக இருந்தால் வழக்கமான தேய்மானம். முள் முள்ளாக இருந்தால் எங்கோ ஓர் உருளையில் பல் உடைந்திருக்கிறது, இயந்திரத்தை நிறுத்து. இதுதான் என் உத்தியோகம். என்னைப் பழக்கியவர்கள் சொல்லிக்கொடுத்த கணக்கு ரொம்பச் சுலபம்: காந்தம் பிடித்தது இரும்பு, காந்தம் விட்டது தேயிலை. கட்டை சுத்தமாக இருந்தால் தூளும் சுத்தம். நான் இந்தக் கணக்கை நம்பித்தான் பிழைத்தேன், உன்னையும் வளர்த்தேன்.

பள்ளி விடுமுறையில் எனக்குச் சோறு கொண்டுவந்த நீ இதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உனக்கு நான் எதையும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்ததாக ஊரில் பெருமையடித்துக்கொள்வேன், அது வேறு. உண்மையில் நான், "சோத்த வெச்சிட்டுக் கெளம்பு, துரை வந்தா திட்டுவாரு" என்றுதான் சொன்னேன். நீ கிளம்பவில்லை. "அப்பா, நம்ம மோட்டாருக்குள்ளயும் இரும்பு தேயும்ல? அத எது புடிக்கும்?" என்று வெளியே நின்ற நம் ஸ்கூட்டரைக் காட்டிக் கேட்டாய். நான் யோசிக்காமல், "அது ஆயிலோட போயிடும்" என்றேன். "போகலன்னா?" என்றாய். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதபோது அப்பன்மார் செய்வதை நானும் செய்தேன். போய்ப் படி என்றேன்.

நீ படித்தாய், ஆனால் நான் சொன்ன புத்தகத்தை அல்ல. ஓரம் உடைந்துபோன ஒரு காந்தத்தை நீயே தொழிற்சாலை மேனேஜர் துரையிடம் கேட்டு வாங்கிவந்தாய். நம் ஸ்கூட்டருக்கு எண்ணெய் மாற்றும்போது பழைய எண்ணெயைத் தகரத் தட்டில் வடித்து, காந்தத்தைத் தட்டுக்கு அடியில் வைத்து ஆட்டினாய். கறுப்பு எண்ணெய்க்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ கூடி, காந்தம் போன பக்கமெல்லாம் பின்னாலேயே போனது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வித்தை பார்ப்பதுபோல் கூடிவிட்டார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. எண்ணெய் வடிக்கிற போல்ட்டின் உள்முனையில் ஒரு சின்னக் காந்தத்தைப் பசை போட்டு ஒட்டி மாட்டிவிட்டாய், என்னிடம் சொல்லாமல். என்ஜின் சூட்டில் பசை விட்டுப்போய்க் காந்தம் உள்ளே கழன்று விழுந்தது. ஸ்கூட்டரைப் பிரிஞ்சாங்குக்கு லோரியில் ஏற்றி அனுப்ப வேண்டியதாகிவிட்டது. மழையில் தொழிற்சாலைக்கு நடந்தே போய் வந்த கோபத்தில் நான் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ அழவில்லை. லோரியில் ஏறிக்கொண்டு கடைக்கே போய், அவர்கள் என்ஜினைப் பிரிப்பதை முழுக்கப் பார்த்துவிட்டு வந்து, "தப்பு என்னோடதுதான்பா. ஒட்டக் கூடாது. காந்தம் போல்ட்டுக்குள்ளயே பதிஞ்சிருக்கணும்" என்றாய். உன் தொழில் அன்றைக்கு ஆரம்பித்தது என்று நான் நினைக்கிறேன்.

அதே பிரிஞ்சாங் கடையில் நீ வேலைக்குச் சேர்ந்தபோது, பொம்பளைப் பிள்ளை கையில் கிரீஸா என்று சொன்னவர்களின் பெயரெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர்கள் ஸ்கூட்டர்கள்தான் இன்று கம்போங் ராஜாவில் உன் சொந்தக் கடை வாசலில் வரிசையாக நிற்கின்றன. பெர்த்தாம் பள்ளத்தாக்கிலிருந்து முட்டைக்கோஸ் தோட்டத்துக்காரர்கள்கூட மேலே ஏறி வருகிறார்கள். உன்னைத் தேடி வருவதற்கு உன் கை வேகம் காரணம் இல்லை. சொன்னால் கோபித்துக்கொள்ளாதே, நீ கொஞ்சம் மெதுவுதான். நீ காந்தம் பதித்துக் கொடுத்த போல்ட்டைக் கழற்றியதும் அந்த முனையை வெள்ளைக் காகிதத்தில் துடைத்து வண்டிக்காரரிடமே காட்டுகிறாயே, அதற்காக வருகிறார்கள். "இது வெறும் சேறு, பயப்படாதீங்க." "இது தொட்டா குத்துது, பாருங்க. ரொம்ப நாள் தாங்காது." தொழிற்சாலையில் நான் மேற்பார்வையாளரிடம் காட்டியதை நீ வண்டி ஓட்டுகிறவரிடமே காட்டினாய். இந்த வித்தியாசத்தை நான் கவனித்தேன், மனசுக்குள் பூரித்தேன், வெளியில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், எனக்கு அது ரொம்பப் பெருமை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஈப்போவிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை தயாளன், அவர் அம்மா, தாய்மாமா, இரண்டு பெண்கள், பழத்தட்டு, பூத்தட்டு. காரில் இடம் போதாமல் மாப்பிள்ளை மட்டும் தன் ஸ்கூட்டரில் சிம்பாங் பூலாய் வழியாக மலை ஏறி வந்தார். காலையெல்லாம் மூடியிருந்த பனி விலகி நல்ல வெயில். நான் புதுச் சட்டையோடு வாசலில் நின்றேன். கார் வந்தது, கொஞ்ச நேரம் கழித்து ஸ்கூட்டரும் வந்தது. தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுவதுபோல் ஒரு சத்தம். எனக்கு அது காதில் விழுந்ததே தவிர மனதில் விழவில்லை, நான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படிக்குள் தலை நிறையப் பூவோடு நின்ற நீ முகத்தைப் பார்ப்பதற்கு முன் சத்தத்தைக் கேட்டிருக்கிறாய். "அம்மா, அந்த மோட்டாரு சரியில்ல" என்றாயாம். "மொதல்ல மாப்பிள்ள சரியா இருக்காரான்னு பாருடி" என்றாளாம் உன் அம்மா.

நீ தேநீர்த் தட்டோடு வந்தாய். எல்லோருக்கும் கொடுத்தாய். மாப்பிள்ளையின் அம்மா உன்னைப் பிரியமாகப் பார்த்து, "பேசணும்னா பேசும்மா, இந்தக் காலத்துல என்ன கூச்சம்" என்றார். நீ உடனே பேசினாய். "மோட்டாருக்கு ஆயில் எப்ப மாத்துனீங்க?" சபையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. நான் கூரையைப் பார்த்தேன். மாப்பிள்ளை மட்டும் சிரித்துவிட்டார். "மாத்தணும் மாத்தணும்னு தள்ளிப் போட்டுட்டேன். ஏத்தத்துல ஒரு மாதிரி சத்தம் வந்துச்சு. நின்னு நின்னுதான் வந்தேன்" என்றார். "பாத்துடவா?" என்றாய். அவர் அம்மா வாயைத் திறப்பதற்குள், "பாருங்களேன்" என்று சாவியை நீட்டிவிட்டார்.

அதுவரை எனக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. சொல்லப்போனால் எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நீ வாசல் சிமெண்டில் உட்கார்ந்தபோது, நான் சம்பந்தி வீட்டாரைக் கூட்டிவந்து, "பாருங்க, எம்பொண்ணு கை பட்டா எந்த மோட்டாரும் பேசும்" என்று அளந்துகொண்டிருந்தேன். போல்ட்டைக் கழற்றினாய். எண்ணெய் கொஞ்சமாகத்தான் வடிந்தது. அந்த ஸ்கூட்டரின் போல்ட்டில் காந்தம் கிடையாது. உன் காந்தக் கம்பியை எண்ணெயில் விட்டுச் சுற்றி எடுத்து, காகிதத்தில் துடைத்தாய். ஏறக்குறைய ஒன்றுமில்லை. நான் எட்டிப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி, "காந்தம் சுத்தமா இருக்கு. ஒரு குறையும் இல்ல. புது ஆயில ஊத்திடலாம்" என்று அறிவித்தேன். தாய்மாமா தலையசைத்தார். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

உன் முகம் மாறவில்லை. "அம்மா, ஒரு வெள்ள சாசர் குடு" என்றாய். உன் அம்மா எதற்கென்று தெரியாமல், அன்றைக்கென்று வெளியே எடுத்திருந்த நல்ல செட்டிலிருந்து ஒன்றைக் கொடுத்தாள். நீ அதில் அந்தக் கறுப்பு எண்ணெயை ஊற்றியபோது அவள் நெஞ்சில் கை வைத்ததை நான் பார்த்தேன். சாசரை வெயிலில் பிடித்துச் சாய்த்தாய். எண்ணெய்க்குள் வெள்ளி வெள்ளியாய் ஏதோ மினுங்கியது. அடியில் காந்தத்தை வைத்து இங்கும் அங்கும் நகர்த்தினாய். மினுக்கம் அசையவில்லை. எண்ணெயோடு சேர்ந்து தன் பாட்டுக்கு மிதந்தது.

"பாத்தியா, ஒட்டல. அது ஒன்னும் இல்ல" என்றேன்.

"ஒட்டாததுதான்பா பயமா இருக்கு. இது இரும்பு இல்ல, அலுமினியம். காந்தத்துக்கு இது தெரியாது. உள்ள பிஸ்டன் தேயுது" என்றாய். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, "நீங்க இதுல கீழ எறங்கக் கூடாது" என்றாய்.

அதன்பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். "இவ்வளவு தூரம் ஏறி வந்த மோட்டாரு எறங்காதாம்மா?" என்றார் தாய்மாமா. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "நல்ல காரியம் பேச வந்த எடத்துல போகாத வராதன்னு என்ன பேச்சு இது? எம்புள்ள வந்த மோட்டார்லயே போவான்" என்றார். பக்கத்து வீட்டு வாசல்களில் ஆட்கள் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அந்த நேரத்தில் ஸ்கூட்டரும் தெரியவில்லை, மலைப்பாதையும் தெரியவில்லை. கைக்கு வந்த சம்பந்தம் என் வாசலில் வழுக்கிக்கொண்டு போவது மட்டும்தான் தெரிந்தது. "புவனா, ஆயில ஊத்து. மெதுவா போவாரு" என்றேன்.

"ஊத்த மாட்டேன்பா."

"நான் காந்தம் தொடச்சே தலை நரைச்சவன். எனக்குத் தெரியாதா? ஊத்துன்னா ஊத்து."

"ஊத்த மாட்டேன்பா." நீ கத்தவில்லை. போல்ட்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாய், அவ்வளவுதான். பட்டுப்புடவையில் எண்ணெய்க் கறையோடு, தலையில் பூ சரிந்துபோய், என் எதிரில் உட்கார்ந்திருந்த உன்னை அடிக்கலாம்போல் எனக்குக் கோபம் வந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளை உன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "இதுலயே போனா என்ன ஆகும்?" என்று கேட்டார். நீ சொன்னதை நான் ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். "ஒன்னும் ஆகாம வீட்டுக்கே போய்ச் சேரலாம். எனக்கு உறுதியாத் தெரியாது. ஆனா நடு வழியில பிஸ்டன் புடிச்சிக்கிச்சுன்னா என்ஜின்தான் நிக்கும், மோட்டாரு நிக்காது. எறக்கத்துல என்ஜின் புடிமானம் போயிடும். வளைவெல்லாம் பிரேக்க மட்டும் நம்பித்தான் எறங்கணும். பின்னால காய்கறி லோரி வரும். போறது உங்க இஷ்டம். நான் ஆயில் ஊத்தி அனுப்ப மாட்டேன்." மாப்பிள்ளை சாசரை எடுத்துத் தானும் ஒரு முறை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். எழுந்து, "நான் கார்ல வரேன்மா. மோட்டாரு இங்க இருக்கட்டும்" என்றார். அவர் அம்மா யாரையும் பார்க்காமல் காரில் ஏறினார். கொண்டுவந்த பழத்தட்டை நம் வீட்டில் வைக்கவில்லை. இடமில்லாத காரில் மாப்பிள்ளை இடுங்கி உட்கார்ந்து, அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் நான் பேசியதை எழுத என் கை கூசுகிறது. "மோட்டாரப் பாத்தியே, உன் வாழ்க்கையப் பாத்தியா?" என்றேன். அதற்கு மேலும் பேசினேன். நீ சாசரைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். கடைசியில், "அவங்க நல்லபடியா போய்ச் சேர்ந்துட்டாங்களான்னு மட்டும் கேளுங்கப்பா" என்றாய். நான் கேட்கவில்லை. உன் அம்மாதான் போன் செய்து கேட்டாள்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை தனியாக பஸ் ஏறி வந்தார், ஸ்கூட்டரை எடுத்துப் போக. "பிரிச்சுப் பாத்துடலாம், உங்க கண்ணு முன்னால" என்றாய். நானும் கடைக்கு வந்தேன். அந்தப் பக்கம் வேலை இருந்ததாகச் சொன்னேன், ஒரு வேலையும் இல்லை. நீ ஒவ்வொரு நட்டாகக் கழற்றும்போது நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். எதற்கு என்று உனக்குத் தெரிய வேண்டும். உள்ளே ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று வேண்டினேன். நான் சொன்னது சரியாக இருக்க வேண்டும், பெற்ற மகள் தோற்க வேண்டும். இப்படியும் ஒரு அப்பன் வேண்டுவான். நீ பிஸ்டனை வெளியே எடுத்துத் துணியால் துடைத்தாய். ஒரு பக்கம் முழுக்க, பூனை பிராண்டியதுபோல் மேலிருந்து கீழே கோடு கோடாய்க் கிழிந்திருந்தது. வளையம் ஒன்று அசையாமல் இறுகிப்போயிருந்தது. அதை நீ மாப்பிள்ளை கையில் கொடுத்தாய். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி, 'பார்த்தீர்களா அப்பா' என்று ஒரு பார்வை பார்த்திருந்தால் எனக்கு அன்று தலை குனிந்திருக்கும். நீ அதைச் செய்யவில்லை என்பதும் எனக்குப் பெருமை.

"இத நான் எடுத்துட்டுப் போகட்டுமா? அம்மாகிட்ட காட்டணும்" என்று கேட்டார் மாப்பிள்ளை. பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தாய். புதுப் பிஸ்டன் போட்டு, ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்து, அந்த எண்ணெயையும் வடித்துச் சாசரில் ஊற்றி வெயிலில் பிடித்த பிறகுதான் அவரை அனுப்பினாய். அனுப்பியதோடு விட்டாயா? சத்தம் கேட்க வேண்டும் என்று சொல்லி உன் ஸ்கூட்டரில் பின்னாலேயே அடிவாரம் வரை போனாய். என்ஜின் சத்தம் கேட்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று நான் அன்று கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

பிறகு அவர் அம்மா வந்தார். இந்த முறை தட்டும் இல்லை, தாய்மாமாவும் இல்லை. உன்னை உள்ளே போகச் சொல்லிவிட்டு என்னிடமும் உன் அம்மாவிடமும் பேசினார். அவர் பேசியதை நாங்கள் உனக்குப் பாதிதான் சொன்னோம். முழுதும் இது: "எனக்குக் கோவம் இன்னும் போகல, அத மறைக்க மாட்டேன். பத்துப் பேருக்கு முன்னால எம்பேச்சுக்கு மதிப்பில்லாம போச்சு. ஆனா எம்புள்ள உயிருக்கு அன்னிக்கு என்னைவிட இன்னொருத்தி பயந்திருக்கா. பாத்து ஒரு மணி நேரம்கூட ஆகாத புள்ள. அவள எப்படி நான் வேணாம்னு சொல்றது?" இதைச் சொல்லிவிட்டு உன் அம்மா கொடுத்த தேநீரைக் குடித்தார். சாசரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுதானா அது?" என்று கேட்டார். உன் அம்மா இல்லை என்று ஒரு பொய் சொன்னாள். அது அதேதான்.

ஆகவே, புவனா, உன்னை அந்த வீட்டுக்கு மருமகளாகக் கேட்டது வாயை மூடிக்கொண்டு இருப்பாய் என்பதற்காக அல்ல. எந்தக் காரணத்துக்காக உன்னைக் கேட்டார்களோ அதைக் கழற்றி இங்கே வைத்துவிட்டுப் போகிறேன் என்கிறாயே, இது என்ன நியாயம்? உன் அத்தை நல்ல மனதோடுதான் சொல்கிறாள். அவள் காலத்தில் அவள் அப்படித்தான் பிழைத்தாள். நானும் அந்த வாசலில் அதே புத்தியைத்தான் உனக்குச் சொன்னேன், ஊத்து என்று. சம்பந்தம் நிலைத்தால் போதும், ஸ்கூட்டர் எப்படியாவது போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன். அந்தப் புத்தி என்னுடையது. அதை எடுத்துக்கொண்டு போகாதே.

அங்கே எல்லாம் உடனே உன் வழிக்கு வந்துவிடாது. மாமியாரின் கோபம் முழுதாகப் போகவில்லை என்று அவரே சொல்லிவிட்டார், நேர்மையான மனுஷி. சமையல், சாமி, உறவு என்று ஆயிரம் விஷயத்தில் அவர் சொல்வதைக் கேள். உனக்குச் சமையல் தெரியாது, கேட்டால் உனக்குத்தான் லாபம். ஆனால் இது சரியில்லை என்று உன் கண்ணுக்குத் தெரிந்தால், எல்லோரும் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னாலும், வெயிலில் பிடித்துப் பார். அன்று பேசியதுபோலவே பேசு. உனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே சொன்னாய். பயமுறுத்தவில்லை. நிச்சயம் செத்துப்போவீர்கள் என்று சொல்லி ஜெயித்திருக்கலாம், நீ அதைச் செய்யவில்லை. போய்ச் சேரவும் சேரலாம், ஆனால் நான் ஊற்ற மாட்டேன் என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. நானாக இருந்தால் பொய் சொல்லியிருப்பேன். நீ தவறு செய்கிற நாளும் வரும். அன்றைக்கு, காந்தம் கழன்று விழுந்தபோது சொன்னாயே, தப்பு என்னோடதுதான் என்று, அப்படியே சொல்லிவிடு.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் இப்போது காந்தக் கட்டை சுத்தமாக இருந்தாலும் சும்மா விடுவதில்லை. சல்லடைக் கம்பி எங்காவது அறுந்திருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பார்க்கிறேன். அதுவும் காந்தத்தில் ஒட்டாத கம்பிதான். இத்தனை காலம் எனக்கு இது தோன்றவில்லை. "என்ன, புதுசா ஏதோ பாக்குறீங்க?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். எம்பொண்ணு சொன்னது என்றேன்.

டூல் பெட்டியைக் காலையிலேயே கல்யாணச் சாமான்களோடு வேனில் ஏற்றிவிட்டேன். பட்டுப்புடவைப் பெட்டிக்குக் கீழே இருக்கிறது. இறக்கச் சொன்னால் நீயே இறக்கிக்கொள், எனக்கு முதுகு வலி.

உன் கையை அவர்கள் கையில் கொடுக்கும்போது பெண்ணைப் பெற்றவன் சம்பந்தியிடம் ஒரு வார்த்தை சொல்வது நம் வழக்கம். என் மாமனார் என் அப்பாவிடம் சொன்னார், நம் லயத்து வீடுகளில் எல்லோரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சின்னப் பொண்ணு, சொன்ன பேச்சு கேட்டு நடந்துக்கும், தப்பு பண்ணா பொறுத்துக்கங்க என்று. நானும் அதைச் சொல்லவேண்டும் என்று உன் அத்தை இரண்டு நாளாக எனக்குப் பாடம் நடத்துகிறாள். நான் சொல்லப்போவதில்லை. சம்பந்தியம்மாவிடம் நான் சொல்லப்போவது வேறு. "எம்பொண்ணு ஒரு விஷயத்துல மாட்டேன்னு சொன்னா, கோவப்படறதுக்கு முன்னால ஏன்னு ஒரு வார்த்த கேளுங்க. பெத்த அப்பன் நான் கேக்கல. அன்னிக்கு அந்த வாசல்ல அதக் கேட்டது உங்க மகன் ஒருத்தர்தான். அதனாலதான் என் பொண்ண அவருக்குக் குடுக்குறேன்."

உன் அப்பா